இலை சிவக்கும் நேரம்

ஆரணியில் பட்டுத் தறி ஓடும் வீடுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் எழுதி ஒட்டிவைத்ததில்லை. ஆனாலும் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். டீ டம்ளர் தறிக்குப் பக்கத்தில் வரக்கூடாது. குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர் டீ வந்துவிட்டதென்றால் மிதியிலிருந்து காலை எடுத்து, நாடாவை ஓரமாக வைத்துவிட்டு, எழுந்து திண்ணைக்கு வந்துதான் குடிப்பார். தெருமுனைக் கடை என்றால் இன்னும் நல்லது. நாலு பேரோடு பேசிக்கொண்டே குடிக்கலாம். நீண்டு கிடக்கும் பாவின்மேல் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பல நாள் உழைப்பு கறைச்சேலை ஆகிவிடும். பட்டில் விழுந்த டீக்கறை லேசில் போகாது. சாயப்பட்டறையில் தோய்த்தெடுத்ததுபோல் நூலைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

இதோடு சேர்த்துக் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ போய்வந்தவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்திருப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை. அந்த இலையைப் பறித்துவந்து அப்படியே கொதிக்கவைத்தால் வெளிறிய மஞ்சள்பச்சை நீர்தான் கிடைக்கும். நாக்கில் துவர்க்கும், பச்சை வாசம் அடிக்கும். நம் கடை டீயின் செம்பழுப்பு அதில் துளியும் வராது. காரணம், அந்த நிறம் செடியில் இல்லை. கொழுந்தைப் பறித்த பிறகு, ஒரு நாளுக்குள், மனிதர் கையும் இலையின் சொந்த வேதியியலும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. நிறத்தை உண்டாக்குகிற அதே பொருள்கள்தான் பட்டையும் பிடித்துக்கொள்கின்றன. அந்த ஒரு நாளின் கதையைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

கத்தரிக்காய் கற்றுத்தரும் பாடம்

சமையலறையிலிருந்தே தொடங்கலாம். கத்தரிக்காயை நறுக்கினால் உடனே தண்ணீரில் போடுகிறோம். வாழைப்பூவை ஆய்ந்தால் மோர் கலந்த நீரில் போடுகிறோம். “இல்லேன்னா கறுத்துப்போயிடும்மா” என்று பாட்டி சொன்னதை அப்படியே பின்பற்றுகிறோம். பாட்டி சொன்னது முழுக்க முழுக்க வேதியியல்.

காய்க்குள் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் தனித்தனி அறைகள். ஓர் அறையில் பாலிஃபீனால் என்னும் துவர்ப்புப் பொருள்கள் அடைபட்டிருக்கின்றன. அவற்றை ஆக்சிஜனோடு சேர்த்துவைக்கும் நொதி வேறோர் இடத்தில் இருக்கிறது. காய் முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. கத்தி பட்டதும் சுவர்கள் உடைகின்றன. நொதி, பாலிஃபீனால், காற்றின் ஆக்சிஜன் மூன்றும் ஒன்றுசேர்கின்றன; நிறம் மாறுகிறது. தண்ணீரில் போட்டால் காற்று எளிதில் அண்டாது. மோரின் புளிப்பு நொதியை மந்தப்படுத்தும். அவ்வளவுதான் ரகசியம்.

வெற்றிலை போடுகிறவர்கள் இதை இன்னும் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் எதுவும் நடப்பதில்லை. மென்றால்தான் வாய் சிவக்கிறது. அங்கேயும் பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்தே சிவப்பைத் தருகின்றன.

தேயிலைக் கொழுந்து இந்த விளையாட்டுக்கென்றே பிறந்தது போன்றது. நீரை நீக்கிவிட்டு எடை போட்டால் இளங்கொழுந்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை பாலிஃபீனால்கள். அவற்றில் பெரும்பகுதி கேட்டெக்கின் என்ற வகை. நுண்குமிழ் எனப்படும் பைக்குள் இவை அடைபட்டிருக்கின்றன. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற செம்பு கலந்த நொதியோ பசுங்கணிகத்தின் பக்கம் இருக்கிறது. கத்தரிக்காயில் இந்தச் சந்திப்பை நடக்கவிடாமல் தடுக்கிறோம். தேயிலையில் அதை வேண்டுமென்றே நடத்திவைத்து, சரியான நிமிடத்தில் நிறுத்துகிறோம். நிறம் மாறவே விடாமல், பறித்த உடனே சூட்டில் நொதியைக் கொன்றுவிட்டால் அது பச்சைத் தேயிலை. முழுமையாக மாறவிட்டு நிறுத்தினால் கறுப்புத் தேயிலை.

ஒரே செடிதான்

இது ஐரோப்பியர்களுக்கு நீண்ட காலம் புரியவில்லை. தாவரங்களுக்கெல்லாம் பெயர்வைத்த லின்னேயஸே 1762-இல் பச்சைத் தேயிலைக்கு ஒரு செடி, கறுப்புத் தேயிலைக்கு வேறொரு செடி என்று இரண்டு இனங்களாகப் பிரித்து எழுதினார். 1840-களில் சீனாவுக்குள் பயணம் போன ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர்தான் இரண்டும் ஒரே செடியிலிருந்து வருபவை, வேறுபாடு செய்முறையில் மட்டுமே என்பதை மேற்குலகுக்கு உறுதிப்படுத்தினார். இன்று அந்தச் செடியின் பெயர் கமேலியா சைனென்சிஸ். சிறிய இலை கொண்ட சீன வகை, பெரிய இலை கொண்ட அசாம் வகை என்று அதற்குள் இரண்டு முக்கியப் பிரிவுகள்.

கறுப்புத் தேயிலை பிறந்த இடமாகச் சீனாவின் ஃபுஜியன் மாகாணத்து ஊயி மலையைச் சொல்கிறார்கள். காலம் 17-ஆம் நூற்றாண்டு. படைவீரர்கள் வந்து தங்கியதால் இலையை உரிய நேரத்தில் பதப்படுத்த முடியாமல் போனது, குவியலில் கிடந்து சிவந்துவிட்டது, வேறு வழியின்றிப் பைன் விறகுப் புகையில் காயவைத்து விற்றார்கள் என்று அங்கே ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், நேரம் தப்பினால் இலை சிவக்கும் என்ற உண்மை அதற்குள் இருக்கிறது. சீனர்கள் இன்றும் இதைச் சிவப்புத் தேநீர் என்றே அழைக்கிறார்கள். அவர்கள் கோப்பையிலுள்ள நீரைப் பார்த்துப் பெயரிட்டார்கள். ஐரோப்பியர் காய்ந்த இலையைப் பார்த்துக் கறுப்பு என்றார்கள்.

நம் மொழியிலும் அந்த மாகாணத்தின் ஒலி தங்கியிருக்கிறது. ஃபுஜியன் கடற்கரையில் இந்தச் செடிக்கு ‘தே’ என்று பெயர். கடல்வழி வணிகத்தில் அந்தச் சொல் ஊர் ஊராகப் பரவியது. தரைவழியாகப் போன இடங்களில் ‘சா’ என்ற வடிவம் பரவி, ‘சாய்’ ஆனது. தேயிலை, தேநீர் என்று சொல்லும்போது நம் நாக்கில் இருப்பது கடல்வழி வந்த சொல்.

நீலகிரிக்கு வந்த விதை

தமிழ்நாட்டின் தேயிலை என்றால் முதலில் நீலகிரி. 1835-இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த சீனத் தேயிலைக் கன்றுகள் உதகைக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள கேத்தியின் அரசுப் பண்ணையில் நடப்பட்டன. பண்ணை கைவிடப்பட்டபோது கன்றுகளும் கவனிப்பாரற்றுப் போயின. பின்னர் அங்கே வந்த பெரோட்டே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் எஞ்சியிருந்தவற்றைச் சீர்செய்து வளர்த்தார். இந்த மலையில் தேயிலை வளரும் என்பதற்கு அவைதான் முதல் சாட்சி. 1850-களில் மான் என்பவர் ஃபார்ச்சூன் வழியாகச் சீனத்து விதைகளை வரவழைத்துக் குன்னூர்ப் பக்கம் தோட்டம் போட்டார். அதையொட்டிய ஆண்டுகளில் தயாசோலை, டன்சாண்டேல் தோட்டங்கள் எழுந்தன. 1863-இல் கோத்தகிரியில் மார்கரெட் காக்பர்ன் என்ற பெண்மணி தேயிலைத் தோட்டம் தொடங்கினார்.

செடி வந்துவிட்டது. செய்முறையை யார் கொண்டுவந்தார்கள்? மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் சிலர் நடுவட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே சின்கோனாத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். தேயிலையை வாட்டி உருட்டும் வித்தையைக் கற்றுத்தந்தவர்கள் இவர்களே என்று மலையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. விடுதலையான சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியேறி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு வாழ்ந்ததை இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவுசெய்திருக்கிறார். நம் கோப்பைக்குப் பின்னால் பெயர் தெரியாத அந்த மனிதர்களும் இருக்கிறார்கள்.

இலங்கையில் கதை வேறு விதமாகப் போனது. 1869-இல் அங்கே காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றியது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சையால் வந்த நோய் அது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தொழிலே சரிந்தது. நோய் தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1867-இல், கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அழிந்த காப்பிக் காடுகளில் தேயிலை ஏறியது. கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள்.

நீலகிரியின் மண் புளிப்புத் தன்மை கொண்டது. தேயிலைக்கு அது பிடிக்கும். கார அமில எண் (pH) 4.5 முதல் 5.5 வரை உள்ள மண்ணில்தான் அது செழிக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் அந்த மலையைத் தொடுவதால் ஆண்டு முழுவதும் கொழுந்து வரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் துளிர் மெல்ல மெல்ல வளரும். அப்போது கிடைக்கும் பனிக்காலத் தேயிலையின் நறுமணத்துக்குத் தனி மதிப்பு.

கொழுந்திலிருந்து தூள் வரை

தேயிலையை வளரவிட்டால் மரமாகிவிடும். கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறார்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. இதுதான் நல்ல பறிப்பின் அளவு. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் தண்டைப் பிடித்து ஒடிக்கும்போது கேட்கும் மெல்லிய ‘டக்’ ஒலியிலேயே கொழுந்து இளசா முற்றலா என்று பறிக்கும் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். முற்றிய இலையில் கேட்டெக்கின் குறைவு, நொதியும் குறைவு, நார் அதிகம். பிறகு ஆலையில் என்ன வித்தை செய்தாலும் அந்தக் குறை தீராது.

சுமார் நாலரை கிலோ பச்சை இலை சேர்ந்தால் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். ஒரு டம்ளர் டீக்கு இரண்டு கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பின்னால் ஒன்பது கிராம் பச்சை இலை இருக்கிறது.

பறித்த இலை உயிரோடுதான் இருக்கிறது. சுவாசிக்கிறது, சூட்டை வெளிவிடுகிறது. சாக்கில் அமுக்கி அடைத்தால் உள்ளே வெப்பம் ஏறி, ஆலைக்குப் போகும் முன்பே இலை அங்கங்கே சிவந்து கெட்டுவிடும். காற்றோட்டமாகக் கட்டி, தாமதமின்றிக் கொண்டுசேர்ப்பதும் தரத்தின் ஒரு பகுதியே.

ஆலையில் முதல் வேலை வாட்டுதல். நீண்ட தொட்டியின் மேல் கம்பி வலை, வலையின்மேல் இலை, கீழிருந்து மின்விசிறி காற்றைத் தள்ளும். பத்துப் பதினைந்து மணி நேரம் இலை அப்படிக் கிடக்கும். பறிக்கும்போது இலையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். பாரம்பரிய முறையில் அது அறுபது சதவீதத்தை ஒட்டிக் குறையும்வரை வாட்டுவார்கள். பதம் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி இலையைக் கையில் இறுக்கிப் பிடித்துவிட்டால் அது துள்ளி விரியாமல் உருண்டையாகவே நிற்க வேண்டும். தண்டு ஒடியாமல் வளைய வேண்டும்.

வாடும்போது நீர் மட்டும் போவதில்லை. இலை தன் மணப்பொருள்களைச் சர்க்கரையோடு கட்டிப் பூட்டிவைத்திருக்கிறது. நொதிகள் அந்தப் பூட்டைத் திறக்கத் தொடங்குகின்றன. வெளிவரும் மணங்களில் ஒன்று லினலூல். அது நமக்குப் புதிதல்ல. தனியா என்று நாம் வறுத்து அரைக்கும் கொத்தமல்லி விதையின் வாசத்திலும் முதன்மையானது அதுதான்.

அடுத்தது உருட்டுதல். சீனாவில் முதலில் கையால் உருட்டினார்கள். நம் மலையிலும் தொடக்கத்தில் அப்படியே. 1870-களில் வில்லியம் ஜாக்சனின் உருட்டு இயந்திரமும், பெல்ஃபாஸ்டின் சாமுவேல் டேவிட்சனின் வெப்பக்காற்று உலர்த்தியும் வந்து வேலையை மாற்றின. வட்ட மேடையின்மேல் ஓர் உருளைப் பெட்டி சுழலும்; உள்ளே இலை அழுத்தப்பட்டு, முறுக்கப்பட்டு, சாறு கசிந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும். பட்டு நூலை முறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறுக்கு சட்டென்று புரியும். நூலில் முறுக்கு பலம் தருகிறது. இலையில் முறுக்கு செல்லை உடைக்கிறது. கத்தரிக்காயில் கத்தி செய்ததை இங்கே உருளை செய்கிறது.

இனிதான் இலை சிவக்கும் நேரம். உருட்டிய இலையை ஈரமும் குளிர்ச்சியும் உள்ள அறையில், தரையிலோ தட்டுகளிலோ மெல்லிய பரப்பாகப் பரப்புகிறார்கள். தொழிலில் இதை நொதித்தல் என்பார்கள். தோசை மாவு புளிப்பதுபோல் இங்கே நுண்ணுயிர் வேலை செய்வதில்லை. இலையின் சொந்த நொதி காற்றைப் பயன்படுத்திச் செய்யும் ஆக்சிஜனேற்றம் இது. வெப்பம் 25 பாகையை ஒட்டி இருந்தால் நல்லது. கூடினால் வினை தறிகெட்டு ஓடும்.

என்ன நடக்கிறது? நிறமற்ற கேட்டெக்கின்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து தியாஃப்ளேவின் என்ற பொன்னிறச் செம்மஞ்சள் பொருளாகின்றன. டீக்குப் பளிச்சென்ற நிறத்தையும் சுறுசுறுப்பான துவர்ப்பையும் தருவது இதுதான். நேரம் போகப்போக, தியாரூபிஜின் என்ற பெரிய, பழுப்பான மூலக்கூறுகள் கூடுகின்றன. அவை கனத்தையும் அடர்நிறத்தையும் தரும். தியாஃப்ளேவின் ஒரு உச்சம் வரை ஏறி, பிறகு இறங்கும். தியாரூபிஜின் ஏறிக்கொண்டே போகும். உச்சத்துக்கு முன் நிறுத்தினால் பச்சை வாசம் மாறாது. தாண்டிவிட்டால் நிறம் மங்கி, சுவை சப்பென்று போகும். பாரம்பரிய முறையில் இதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது. அன்றைய இலை, அன்றைய வானிலை, அன்றைய வாடல் எல்லாம் சேர்ந்து அந்த நிமிடத்தை முடிவுசெய்கின்றன. டீமேக்கர் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோகிறார். புல் வாசம் போய்ப் பழ வாசம் வந்திருக்கிறதா? இலை புதுச் செப்புக் காசு போலச் சிவந்திருக்கிறதா? அவர் தலையசைத்தால் இலை உலர்த்திக்குப் போகும். நூறு பாகையை ஒட்டிய வெப்பக் காற்று நொதியைச் செயலிழக்கச் செய்யும். ஈரம் மூன்று சதவீதத்துக்கு இறங்கும். பச்சையம் சிதைந்து இலை கறுக்கும். பிறகு சலித்து, நார் நீக்கி, அளவு வாரியாகப் பிரிப்பது.

ஆரணித் தெருவின் டீ

நம் கடைகளில் கொதிப்பது பெரும்பாலும் இந்தப் பாரம்பரியத் தேயிலை அல்ல. 1930-ஐ ஒட்டி அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் ஒரு புதிய இயந்திரத்தை வடிவமைத்தார். பல் வைத்த இரண்டு உருளைகள்; ஒன்று சுற்றும் வேகத்தைவிட மற்றொன்று பத்து மடங்கு வேகமாக, எதிரெதிராகச் சுழலும். நடுவில் விழும் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு குருணையாக வெளிவரும். நசுக்கு, கிழி, சுருட்டு என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே சி.டி.சி. ஏறத்தாழ எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் உடைவதால், சிவக்கும் நேரம் ஒரு மணி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மென்மையான மலர் மணம் குறையும். நிறமும் காரமும் கூடும்.

சலிக்கும்போது கிடைக்கும் மிகச் சிறிய குருணைக்கு டஸ்ட் என்று பெயர். பெயரைக் கேட்டுக் குப்பை என்று எண்ணிவிடக்கூடாது. அது அளவைக் குறிக்கும் சொல். சிறிய குருணை என்றால் எடைக்குத் தகுந்த மேற்பரப்பு அதிகம். வெந்நீரில் சாறு சட்டென்று இறங்கும். துணிப்பையில் தூளைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, வரிசையாக நிற்பவர்களுக்குக் கணத்தில் டிகாக்ஷன் இறக்கவேண்டிய டீ மாஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமான தேயிலை இல்லை. காலையில் தறியில் உட்காரும் முன் “அண்ணே, ஸ்ட்ராங்கா ஒண்ணு” என்பவருக்கு வேண்டியதும் இந்த நிறமும் காரமும் கொண்ட டீதான். தூக்கம் கலைவது கஃபீனால். காப்பியில் உள்ளது வேறு, தேயிலையில் உள்ளது வேறு என்று முதலில் எண்ணி, தேயிலையினுடையதற்குத் தனிப்பெயரே வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று 1838-இல் தெரிந்தது. கொழுந்தைத் தின்னவரும் பூச்சிகளை விரட்டச் செடி சேர்த்துவைக்கும் பொருள், நமக்கு விழிப்பைத் தருகிறது.

பால், தோல், பட்டு

இப்போது கறைக்குத் திரும்புவோம். பாலிஃபீனால்களின் இன்னொரு குணம், புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்வது. கட்டன் டீ குடித்ததும் நாக்கு வறண்டு இழுப்பது ஏன்? உமிழ்நீரில் வாயை வழுவழுப்பாக வைக்கும் புரதங்கள் இருக்கின்றன. டீயின் பாலிஃபீனால்கள் அவற்றைப் பிடித்துத் திரட்டிவிடுகின்றன, வழுவழுப்பு போகிறது. அந்த உணர்வைத்தான் துவர்ப்பு என்கிறோம்.

பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவது எதனால்? பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் டம்ளரிலேயே பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்கிறது. உமிழ்நீரைத் தேடிப்போக மிச்சம் குறைவு. காரமான சி.டி.சி. டீயைப் பாலோடு சேர்த்துக் குடிக்கும் நம் வழக்கத்துக்குள் இவ்வளவு வேதியியல் இருக்கிறது.

ஆரணியிலிருந்து அதிக தூரமில்லை, ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும். அங்கே அந்தக் காலத்துத் தோல் கிடங்குகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறவைத்த நீரில் தோலைப் பதப்படுத்தினார்கள். பட்டையின் துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து, அழுகாத தோலாக மாற்றும். டானின் என்ற வேதியியல் சொல்லே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்ததுதான்.

பட்டும் புரதம்தான். புழு நூற்ற ஃபைப்ரோயின் என்ற புரதம். டீ சொட்டு விழுந்ததும் அதன் நிறப்பொருள்கள் அந்தப் புரதத்தை, பாலைப் பிடித்ததுபோல, தோலைப் பிடித்ததுபோலப் பிடித்துக்கொள்கின்றன. பாலில் நாம் வரவேற்கும் அதே குணத்துக்குத்தான் பாவின் அருகில் அஞ்சுகிறோம். தறி வீட்டுக் கட்டுப்பாடு அனுபவம் எழுதிய அறிவியல்.

இலைக்கு உரிய விலை

இந்தச் செய்முறையின் மையத்தில் பச்சை இலை நிற்கிறது. நீலகிரியில் அதை வளர்ப்பவர்களில் பல்லாயிரம் பேர் சிறு விவசாயிகள். பெரும்பாலோர் படுகர் சமூகத்தினர். தங்கள் இலையைத் தாங்களே பதப்படுத்த வேண்டும் என்று 1962-இல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலை ஆலை தொடங்கியது. 1965-இல் அத்தகைய ஆலைகளை ஒருங்கிணைக்க இண்ட்கோசர்வ் உருவானது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேர் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வரவேண்டும் என்று முடிவானது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரவே 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கி, பின்னர் டான்டீ நிறுவனமாக வளர்ந்தது.

நீலகிரித் தேயிலையை அள்ளி வாங்கிய சோவியத் நாடு 1991-இல் சிதறியது. அந்தத் தசாப்தத்தின் முடிவில் பச்சை இலை விலை வீழ்ந்தது. விலை வீழ்ந்தால் கையால் கொழுந்தை மட்டும் பறித்துக் கட்டுப்படியாகாது. கத்தரியால் முற்றலும் சேர்த்து வெட்டுவார்கள். முற்றலில் கேட்டெக்கின் குறைவு என்று மேலே பார்த்தோம். விலை குறைந்தால் தரம் குறைகிறது. தரம் குறைந்தால் விலை மேலும் குறைகிறது. இந்தச் சுழலை உடைக்க ஆலையின் இயந்திரத்தால் முடியாது. நல்ல கொழுந்துக்கு நல்ல விலை கொடுத்தால்தான் முடியும்.

ஆரணி நெசவாளருக்கு இது புரியும். ஆரணிப் பட்டுக்கும் நீலகிரியின் பாரம்பரியத் தேயிலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. இரண்டையும் பதிவுசெய்தது சென்னையிலுள்ள அதே அலுவலகம். குறியீடு பெயரைக் காக்கும். கையை வாழவைக்க வேண்டியது வாங்குகிறவர் கொடுக்கும் விலை.

வாங்குகிறவர் செய்யக்கூடிய சிறு சோதனை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மட்டமான தூளுக்கும், ஒருமுறை கொதித்து இறக்கிய தூளுக்கும் செயற்கைச் சாயம் ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வடிதாளில் சிட்டிகைத் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்து நனையுங்கள். பிறகு தாளைக் குழாய் நீரில் அலசி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உண்மையான தேயிலையின் நிறம் இலைக்குள் பிறந்தது. அது வெந்நீருக்குத்தான் நன்றாக இறங்கும், தாளில் திட்டாகக் கறை விடாது. ஏற்றிய சாயமோ தண்ணீர் பட்ட உடனே தாளில் கசிந்து படியும். தண்ணீர் பட்டதும் சாயம் போகிற சேலையை ஆரணியில் யாரும் வாங்க மாட்டார்கள். டீத்தூள் வாங்கும்போதும் அதே கண்ணோடு வாங்குங்கள்.